கொம்பு

ஆறாப்புல இருந்து பூவரசனுக்கு
நாந்தான் வாய்.

டீச்சர் "அடுத்து நீ வாசி"ன்னதும் எந்திரிப்பான்.
நான் தலையக் குனிஞ்சு
பேனா மூடியக் கடிக்கற மாதிரி
ஒவ்வொரு சொல்லா ஊதி விடுவேன்.
அரை நொடி கழிச்சு அது அவன் வாயில வெளிய வரும்,
என்ற சத்தத்தை விடக் கணீர்னு.
"மெதுவாப் படிச்சாலும் தெளிவாப் படிக்கறான்"னு
நளாயினி டீச்சரே சொல்லீருக்காங்க.

மூணு வருசம்.
உதவின்னுதான் நெனச்சேன்.

ஒம்பதாப்பு ஆடியில எனக்குப் பொன்னுக்குவீங்கி.
கழுத்துல அம்மா சங்கிலியோட பத்து நாள் வீட்டுல.
மூணாம் நாள் அவன் பேரைக் கூப்புட்டிருக்காங்க.
புஸ்தகத்தைப் புடிச்சிட்டு நின்னானாம்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சாம்.
யாரோ சிரிச்சாங்களாம்.
டீச்சர் ஒண்ணுஞ் சொல்லாமப் பக்கத்தைத் திருப்பிட்டாங்களாம்.

நான் போனப்ப அவன் கடைசி பெஞ்சுல இருந்தான்.
"பக்கத்துல வராதடா"ன்னான்.

அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க.
ஞாயித்துக்கெழமை அம்மாவோட
பனியன் கம்பெனி செக்கிங்குக்குப் போவான்.
துணிய ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சு
இது நூத்தறுவது ஜிஎஸ்எம், இது நூத்தெம்பதுன்னு
தராசு சொல்றக்கு முன்னால சொல்லுவான்.
அவிநாசி பஸ்ஸை போர்டு பாத்து ஏறமாட்டான்,
கண்ணாடிக்குக் கீழ தொங்கற எலுமிச்சம்பழத்தைப் பாத்து ஏறுவான்.
இதுவரைக்கும் மாறி ஏறினதில்ல.

ஒரு வாரங் கழிச்சு அவனே வந்தான்.
கையில லேபிள் அட்டை. நடுவுல பிளேடுல
ஒரு சன்னல் வெட்டியிருந்தான், ஒரு சொல் தெரியற அளவுக்கு.
"முழுப் பக்கத்தையும் பாத்தா எல்லாம் ஓடுதுடா.
இதுல வெச்சா நிக்குது.
நீ பக்கத்துல உக்காரு. வாயத் தொறக்காத.
பத்து வரைக்கும் எண்ணு."

தண்ணித் தொட்டிக்குப் பின்னால, சோத்து மணி அடிச்சப்பறம்.
பத்து எண்றது எவ்வளவு நேரம்னு
எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.
சொல் நாக்கு நுனிக்கு வந்து முட்டும்.
கமர்கட்டு வாங்கி வாயில அடக்கிக்குவேன்.

ஒருநா கேட்டான்:
"சிரிக்காத. கெ-வுல கொம்பு முன்னால நிக்குது.
வாயில க் வந்த பொறகுதான எ வருது?
அப்ப அது எதுக்கு முன்னால வந்து நின்னுட்டு
வழிய மறைக்குது?"

எனக்குப் பதில் தெரியல.
தடுக்காம ஓடறவன் கல்லைப் பாத்திருக்க மாட்டான்.
ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன்,
நானுந்தான் அப்படி நின்னிருக்கேன்,
மூணு வருசமா, அவன் சத்தத்துக்கு முன்னால.

புரட்டாசியில பத்துப் பக்கம்.
ஐப்பசியில ரெண்டுதான். தீவாளி ஆர்டர்,
அம்மாவுக்குத் தொணையா நைட்டு போயிட்டான்.
கார்த்திகையில அட்டையக் கிழிச்சுச் சாக்கடையில போட்டான்.
மறுநாள் புதுசு வெட்டிட்டு வந்தான்.
டீச்சர் இன்னும் அவன் பேரைக் கூப்புடல.

தை மாசம் பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்புல
கோயில் நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு.
அட்டைய எடுக்காமயே முன்னால போய் நின்னான்.
"பு... து... த்... தேர்."
எங்கிட்டக் கமர்கட்டு இல்ல.
"வெள்... ளாட்டம்."
ஒண்ணு. ரெண்டு.
எலுமிச்சம்பழ வண்டி வந்து ஆரன் அடிக்குது.
நாலு. அஞ்சு.
"வெள்ளாட்டையாடா தேர்ல ஏத்தறாங்க?"ன்னு
அவனே சிரிச்சான்.
சிரிச்சுட்டே இருந்தவன் நிறுத்துனான்.
வெரல் திரும்பிப் போச்சு.
ள-வுக்கு முன்னால, கொம்பு மேல போய் நின்னுச்சு.

பஸ் போயிருச்சு.
அடுத்தது இருவது நிமிசம்.

எட்டு எண்றக்குள்ள சொல்லிட்டான்.
என்ன சொன்னான்னு
நான் சொல்ல மாட்டேன்.